அப்பாவோட இடது காலும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

செமஸ்டர் லீவுல ஊருக்கு வந்து பத்து நாளாச்சு. "லீவுல என்னடி பண்ணினே?"ன்னு கிளாஸ்ல கேக்கப் போற எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: கிளட்ச் மாத்தினோம்.

சிரிக்காதீங்க. மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு நான். கிளட்ச் பத்தி பதினாறு மார்க் கேள்விக்குப் படம் போட்டு, பாகம் குறிச்சு, பக்கம் பக்கமா எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அந்தப் படத்துல ஒரு ஆளோட கால் வரவே வராது. இந்தக் கதை அந்தக் காலைப் பத்தினது.

எங்க வீடு திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம் (உள்ளூர்க்காரங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருங்க). ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழ உருவாகிறது எங்க ஊர்ல ரொம்ப கம்மி. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னொரு இடம். அப்புறம் கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாதி வேலை ஜாப் ஒர்க்தான். அதனால துணியும் பீஸ் பண்டலும் நாள் பூரா தெருவுல அலைஞ்சுட்டே இருக்கும். அதைச் சுமக்கிற ஆயிரக்கணக்கான வண்டிகள்ல ஒண்ணு எங்கப்பாவோட ஓம்னி.

அப்பா முதல்ல சாயப்பட்டறையில வேலை பார்த்தவர். 2011 ஜனவரில நொய்யல் மாசுக்காக சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டப்ப வேலை போச்சு. நான் அப்போ ரொம்பச் சின்னப் பொண்ணு. கொஞ்ச வருஷம் அடுத்தவங்க வண்டி ஓட்டினார். அப்புறம் கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல இந்த ஓம்னியை வாங்கினார். என் காலேஜ் ஃபீஸ்ல பாதி இந்த வண்டி சம்பாதிச்சது. மீதி பாதி அம்மாவோட ஓவர்லாக் மெஷின் சம்பாதிச்சது. இந்த ரெண்டாவது விஷயமும் கதைக்குள்ள வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

லீவுக்கு வந்த அன்னைக்கே ராத்திரி சாப்பிடறப்ப அப்பா சாதாரணமா சொன்னார். "காலு ஒத்துழைக்கறதில்ல அம்முணி. சாயங்காலம் ஆனா முட்டி வீங்கிக்குது. வண்டியக் குடுத்துட்டு எங்காவது கம்பெனில வாட்ச்மேனா போயிரலாம்னு பாக்கறேன். ஒருத்தர் கேட்டிருக்காரு."

எனக்குச் சோறு இறங்கலை. அப்பாவுக்கு வயசு 52. அம்மா ஒண்ணும் பேசாம ரசத்தை ஊத்தினாங்க. அவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடிச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது.

எந்தக் கால்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும். இடது கால்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு அவசர லோடு. காங்கேயம் ரோட்டுல ஒரு செக்கிங் யூனிட்டுக்கு ராத்திரியே பீஸ் போய்ச் சேரணும், காலையில பேக்கிங். கூட நானும் ஏறிக்கிட்டேன். புஷ்பா தியேட்டர் ஸ்டாப் தாண்டி ரயில்வே மேம்பாலம் ஏறறப்ப முன்னால ஒரு பஸ் நின்னுச்சு. நாங்களும் நின்னோம். பஸ் நகர்ந்ததும் அப்பா முதல் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சார். இன்ஜின் 'ம்ம்ம்ம்'னு கத்துது, வண்டி நகரலை! இன்னும் மிதிச்சார். சத்தம் ஏறுதே தவிர வேகம் ஏறலை. சீட்டுக்கு அடியில இருந்து ஒரு கருகல் வாசம். (ஓம்னில இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. வாசம் நேரா மூக்குக்கே டெலிவரி.) பின்னால ஹாரன் மேல ஹாரன்.

"கிளட்ச் ஸ்லிப் ஆவுதுப்பா"ன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"தெரியும் கண்ணு"ன்னார்.

அப்புறம் ரெண்டு பேர் இறங்கி வந்து தள்ளி விட்டாங்க. ஊர்ந்து ஊர்ந்து மேம்பாலம் ஏறி, இறக்கத்துல உருண்டு, ரெண்டாவது கியர்லயே போய் லோடை இறக்கிட்டு வந்தோம். யார் பெத்த பிள்ளைகளோ, தள்ளினவங்க நல்லா இருக்கணும்.

மறுநாள் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டா, "நாளைக்குத்தான் பிட்டு காலி ஆவும்"னுட்டார். ஒரு நாள் சும்மா இருக்கு. என் மெக்கானிக்கல் மூளை சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அக்காகிட்ட, ஏறி நின்னு எடை பார்க்கிற மெஷினைக் கடன் வாங்கினேன். அதை கிளட்ச் பெடல் மேல சாய்ச்சு வச்சு நான் காலால அமுக்க, என் தம்பி டார்ச் அடிச்சுட்டு குனிஞ்சு நம்பரைப் படிக்க... தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அஞ்சாறு தடவை பார்த்ததுல பெடல் இறங்கறப்ப அதிகபட்சமா 17 கிலோ சுமாருக்குக் காட்டுச்சு. லேப் ரீடிங் மாதிரி துல்லியம் எல்லாம் கிடையாது, முன்னப்பின்ன இருக்கும். நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

அடுத்த நாள் பட்டறை. வண்டிக்கு அடியில போய் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி, கியர் பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட்டைக் கழட்டினதும் கிளட்ச் பிளேட் கையில விழுந்துச்சு. மெக்கானிக் அண்ணன் பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுக் காட்டினார்.

"பாத்துக்க பாப்பா. புதுசுல ரிவெட்டு உள்ளாற பள்ளத்துல இருக்குது. பழசுல மேலயே வந்திருச்சு. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா ஃபிளைவீலைச் சுரண்டியிருக்கும்."

ஃபிளைவீல்ல அங்கங்க நீலத் திட்டு இருந்துச்சு. சூட்டுல வந்தது. தப்பிச்சோம், எமரி தாள் போட்டுத் தேச்சே சரி பண்ணிட்டார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா மாத்தினார், கூடவே கேபிளும். பழைய கேபிளைக் கையில வாங்கி உள்கம்பியை இழுத்துப் பார்த்தேன். உறைக்குள்ள சொரசொரன்னு உரசுச்சு. ஒரு முனையில ரெண்டு மூணு இழை அறுந்து முள்ளு மாதிரி நின்னுச்சு.

இங்கதான் நான் பரிட்சையில எழுதின பதிலுக்கும் நிஜத்துக்கும் நடுவுல இருந்த பாலம் கிடைச்சுது. ரெண்டு கேள்வி:

1. தேயத் தேய பெடல் ஏன் மேலயே 'பிடிக்குது'?

கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீல் மேல அமுக்கிப் பிடிக்கிறது பிரஷர் பிளேட். அந்த அமுக்கத்தைத் தர்றது டயஃப்ரம் ஸ்பிரிங், அதாவது நடுவுல விரல் விரலா வெட்டின ஒரு குழிவான எஃகுத் தட்டு. பிளேட் தேஞ்சு மெலிசானா பிரஷர் பிளேட் அந்த அளவுக்கு ஃபிளைவீல் பக்கம் நகரும். ஸ்பிரிங் சீசா பலகை மாதிரி. வெளி ஓரம் அந்தப் பக்கம் போனா நடு விரல்கள் இந்தப் பக்கம், ரிலீஸ் பேரிங்கைப் பார்த்து வரும். அப்போ பெடலை மிதிக்க ஆரம்பிச்ச உடனே பேரிங் விரலைத் தொட்டுடும். பெடல்ல ஆரம்பத்துல இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் (ஃப்ரீ பிளே) குறைஞ்சுட்டே வரும். கிளட்ச் சீக்கிரமே விடுபடும். காலை எடுக்கறப்ப, பெடல் கிட்டத்தட்ட முழுசா மேல வந்த பிறகுதான் பிடிக்கும்.

பிளேட் தேயறது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். ஆனா ஸ்பிரிங் ஒரு நெம்புகோல், ஃபோர்க் இன்னொரு நெம்புகோல், பெடல் மூணாவது நெம்புகோல். மூணும் ஒண்ணை ஒண்ணு பெருக்கிக்கிட்டே போறதால அங்க ஒரு மில்லிமீட்டர் இங்க சில சென்டிமீட்டரா வந்து நிக்கும். அப்பப்ப கேபிள் நட்டைத் திருகி அந்த ஆட்டத்தைத் திரும்பக் கொண்டு வரலாம். எங்க வண்டில நட்டு மரையோட கடைசிக்கே போயிருச்சு, திருக இடமே இல்லை. பெடலை விட்ட பிறகும் பேரிங் விரல்களை லேசா அமுக்கிட்டே இருந்திருக்கு. அமுக்கம் குறைஞ்சா பிளேட் வழுக்கும், வழுக்கினா சூடு, சூட்டுல இன்னும் தேய்மானம். கடன் வட்டி மாதிரி.

2. தேயத் தேய பெடல் ஏன் கனக்குது?

இதுதான் எனக்கு ஆச்சரியமே. தேஞ்ச பொருள் தளர்ந்து லேசாத்தானே ஆகணும்? வீட்டுல பழைய தகர டப்பா மூடி இருந்தா நடுவுல அமுக்கிப் பாருங்க. முதல்ல எதிர்க்கும், ஒரு கட்டம் தாண்டினதும் 'டொக்'னு உள்ள போயிடும். அந்தக் கட்டத்துக்கு அப்புறம் விசை குறையுது. டயஃப்ரம் ஸ்பிரிங்கும் அந்தக் குணம்தான். விசை ஒரு மேடு ஏறி அப்புறம் இறங்கும். புது பிளேட்டோட கிளட்ச்ல ஸ்பிரிங் அந்த மேட்டைத் தாண்டின இறக்கத்துல உக்காந்திருக்கும். அதனால மிதிக்க மிதிக்க லேசாகும். பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் பின்னோக்கி மேட்டு உச்சியைப் பார்த்து நகரும். ஒவ்வொரு தடவை மிதிக்கறப்பவும் அந்த மேட்டை நம்ம கால்தான் ஏறி இறங்கணும். அது போக, சொரசொரத்த கேபிள் தன் பங்குக்குக் கொஞ்சம்.

(ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கிற வண்டிக்காரங்களுக்கு: தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி எண்ணெயே சரி பண்ணிக்கிறதால பிடிக்கிற இடம் அவ்வளவா நகராது. ஆனா ஸ்பிரிங்கோட மேடு உங்களுக்கும் உண்டு. பைக் கிளட்ச் கதையே வேற, அதுல பல பிளேட் எண்ணெய்க்குள்ள முங்கிக் கிடக்கும்.)

எல்லாம் மாட்டி முடிச்சு, நட்டைத் திருகி ஆட்டம் வச்சு, சாவியை அப்பாகிட்ட குடுத்தார். இனிமேதான் வேடிக்கை.

அப்பா வண்டியை எடுத்தார். கிளட்சை விட்டார். 'டக்'னு ஒரு குதி, இன்ஜின் ஆஃப்.

மறுபடியும் ஸ்டார்ட். மறுபடியும் குதி. ஆஃப்.

மூணாவது தடவையும். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஊத்துற மழையில, சேறுல, கழுத்து வரைக்கும் லோடு ஏத்திட்டு ஒரு தடவை கூட வண்டியை ஆஃப் பண்ணாத மனுஷன். வண்டி ஓட்டத் தெரியாதவர் மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார்.

மெக்கானிக் அண்ணன் சிரிச்சுட்டே வந்தார். "ஏனுங்ணா, காலு இன்னும் பழைய வண்டிலயே இருக்குதுங். கிளட்ச் இப்ப கீழயே பிடிக்கும். தரையில இருந்து கொஞ்சம் தூக்கினாலே போதும்ங். நீங்க பழைய ஞாபகத்துல பாதி தூரம் சடார்னு விட்டுப்போடறீங்க."

விஷயம் அதுதான். பல வருஷமா அப்பாவோட கால் ஒரு பாடம் படிச்சு வச்சிருந்துச்சு: பாதி தூரம் வரைக்கும் சும்மா விடு, மேல வந்த பிறகு மெதுவா விடு. புது கிளட்ச்ல சும்மா விட வேண்டிய தூரத்துலயே பிடிச்சுடுது. காலுக்குப் பிளேட் மாத்தின சேதி போய்ச் சேரலை. நாலாவது தடவை கண்ணைச் சுருக்கிட்டு, பெடலை நூல் நூலா விட்டார். வண்டி பூ மாதிரி நகர்ந்துச்சு.

பட்டறைத் தெருவைத் தாண்டினதும் ஓரமா நிறுத்தினார். இன்ஜின் ஓடிட்டு இருக்கு. சும்மா கிளட்சை மிதிச்சார், விட்டார். மிதிச்சார், விட்டார். ஏழெட்டு தடவை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தன நாளு நான் எதைப் போட்டு மிதிச்சுட்டு இருந்தேன் அம்முணி?"

வீட்டுக்கு வந்ததும் அதே எடை மெஷின், அதே தம்பி, அதே டார்ச். 10 கிலோ சுமார். ஒரு மிதிக்கு 7 கிலோ குறைஞ்சிருக்கு. மறுநாள் அப்பாகூட ஒரு டிரிப் போய் எண்ணிப் பார்த்தேன். வேலம்பாளையத்துல இருந்து டவுனுக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள சாயங்கால டிராஃபிக்ல 64 தடவை மிதிச்சார். ஒரு நாளைக்குப் பத்து டிரிப்புன்னா 640. 640 தடவை ஏழு ஏழு கிலோ... 4480. விசையை இப்படிக் கூட்டக் கூடாதுன்னு எங்க சார் திட்டுவார், தெரியும். ஆனா முட்டி அப்படித்தானே கூட்டிக்கிட்டு இருந்திருக்கு? ஒரு நாளைக்கு நாலரை டன்.

ஒரே நாள்ல 7 கிலோ கூடியிருந்தா அப்பா அன்னைக்கே பட்டறைக்குப் போயிருப்பார். வருஷக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கூடினதால தெரியவே இல்லை. வண்டி மாறலை, தனக்குத்தான் வயசாகுதுன்னு முடிவு கட்டிட்டார். பழி முட்டி மேல விழுந்துச்சு.

அம்மாகிட்ட இதையெல்லாம் மூச்சு விடாம சொன்னேன். டயஃப்ரம், மேடு, நெம்புகோல் எல்லாம். அம்மா துணி மடிச்சுட்டே கேட்டுட்டு, "எங்க மெஷினு மாத்தறப்பவும் அப்புடித்தான் ஆச்சு"ன்னாங்க.

நான் அசந்துட்டேன். அம்மா இருபது வருஷத்துக்கு மேல ஓவர்லாக் டைலர். முன்னாடி அவங்க கம்பெனில எல்லா மெஷின்லயும் கிளட்ச் மோட்டார்தான். கரண்ட் போட்டா மோட்டார் பாட்டுக்குச் சுத்திட்டே இருக்கும். டைலர் பெடலை மிதிச்சா உள்ள இருக்கிற கிளட்ச் பிளேட் போய் ஒட்டும், ஊசி ஓடும். காலை எடுத்தா பிரேக் பக்கம் போய் ஒட்டும், நிக்கும். கார்ல மிதிச்சா பிரியும், தையல் மெஷின்ல மிதிச்சா சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஹாஃப் கிளட்ச் அங்கயும் உண்டு. கழுத்து வளைவு ஓட்டறப்ப மெதுவா போகணும்னா பாதி மிதியில பிளேட்டை வழுக்க விட்டுத்தான் ஓட்டணும். பிளேட்டுல இருக்கிற கார்க் அதுல தேயும். தேஞ்ச மெஷினும் புது மெஷினும் காலுக்கு வேற வேற.

அப்புறம் சர்வோ மோட்டார் வந்துச்சு. மிதிச்சாத்தான் சுத்தும், இல்லைன்னா சும்மா கிடக்கும். கரண்ட் மிச்சம், இரைச்சல் கம்மி. "மொதோ நாளு மெஷினு ஓடறதே தெரியல. லேசாத் தொட்டதுக்கே ஓடிப் போயி ஆறு பீஸு கழுத்து வீணாப் போச்சு. பீஸ் ரேட்டுல வேற இருந்தோம். சூப்பர்வைசர் கண்டபடி பேசிப்போட்டாரு. எனக்கே தையல் மறந்து போச்சோன்னு வீட்டுக்கு வந்து அழுதேன். மூணு நாளு ஆச்சு காலு பழக." இதை அம்மா இதுவரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்லை.

ஒன்றரை ஷிப்ட் அடிச்சுட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து, கால் வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுட்டுப் படுக்கிற அம்மா. முட்டியைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கிற அப்பா. ரெண்டு பேரும் நாள் பூரா ஒரு பெடலை மிதிச்சு என்னைப் படிக்க வச்சிருக்காங்க. நான் அந்தப் பெடலோட குறுக்கு வெட்டுத் தோற்றத்தை வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன்.

இப்போ ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இதை எழுதாம விட்டுடலாம்னுதான் இருந்தேன்.

போன லீவுல நான் கார் ஓட்டப் பழகினது இந்த வண்டிலதான். அப்பாதான் கத்துக் குடுத்தார். எனக்கு வண்டி ஆஃப் ஆயிடுமோன்னு பயம். அதனால இடது காலை கிளட்ச் மேலயே வச்சிருப்பேன். மேட்டுல நிக்கறப்ப ஹேண்ட் பிரேக் போடாம, பாதி கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சு வச்சிருப்பேன். பின்னால உருளாம நிக்குதுன்னு பெருமை வேற! ரெண்டு மாசம் தினமும் காலையில பெருமாநல்லூர் ரோடு வரைக்கும் இப்படித்தான் போயிட்டு வருவேன். பட்டறையில மெக்கானிக் அண்ணன் கருகின பிளேட்டைப் பார்த்துட்டு, "யாரோ பெடல் மேல காலு வச்சே ஓட்டியிருக்காங்கணா, நீங்க அப்புடி ஓட்ட மாட்டீங்களே"ன்னார்.

நான் தரையைப் பார்த்தேன். அப்பா ஒரு நொடி கூட யோசிக்கலை. "வயசாச்சில்ல தம்பி, முட்டி வலியில நானே வச்சிருப்பேன்"ன்னார்.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன். "அப்பா, அது நான்தானே?"

"பழகறப்ப பிளேட்டு தேயத்தான் செய்யும் கண்ணு. தேயாம யாரு பழகினா?"

முழுப் பழியும் என்மேல இல்லைங்கிறது கணக்குப் போட்டா தெரியுது. பல வருஷ லோடு, மேம்பாலம், டிராஃபிக் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிளேட். ஆனா கடைசிக் கொஞ்சத்தை வேகமாத் தின்னது நான். அந்தக் கொஞ்சத்தோட வலியைத்தான் அவர் வயசுன்னு நினைச்சு வண்டியையே விக்கப் பார்த்தார்.

சினிமா மாதிரி முட்டி வலி மாயமா மறைஞ்சுடலை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முட்டில தேய்மானம் நிஜமாவே இருக்கு, தினமும் செய்யச் சொல்லி ரெண்டு பயிற்சி, எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். ஆனா சாயங்கால வீக்கம் இப்போ கம்மி. செட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 5000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ ஆச்சு. எங்க வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. ஆனா வண்டி கேட்டவர் நேத்து போன் பண்ணப்ப, "இன்னும் கொஞ்ச நாளு ஓடட்டும்ங்"னு அப்பா சொன்னதை நான் சமையல்கட்டுல இருந்து கேட்டேன். அம்மாவும் கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

ஓம்னி தயாரிப்பு 2019லயே நின்னு போச்சு. கிளட்ச் பெடலே இல்லாத சின்ன கார்கள் நம்ம ரோட்டுலயும் ஓடுது. கரண்ட் வண்டில கிளட்சே வேண்டாம். மிதிச்சா சுத்தும், விட்டா நிக்கும், அம்மாவோட சர்வோ மோட்டார் மாதிரியே. யோசிச்சுப் பார்த்தா அந்த விஷயத்துல கார்களை விட எங்க ஊர் தையல் மெஷின்கள் முந்திக்கிச்சு. அப்பாவோட அடுத்த வண்டி அப்படி ஒண்ணா இருக்கணும். முதல் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைச்சாச்சு :)

கடைசியா, வீட்டுல கிளட்ச் வண்டி இருக்கிறவங்களுக்கு நாலு வரி:

- கியர் போட்டு முடிச்சதும் இடது காலை பெடலை விட்டு எடுத்துத் தரையில வைங்க. (யார் சொல்றா பாருங்க!)

- மேட்டுல நின்னா ஹேண்ட் பிரேக். பாதி கிளட்ச்ல பிடிச்சு நிக்கிறது வீரம் இல்லை, தேய்மானம்.

- பெடல் மேல வந்து பிடிக்குது, கனக்குது, சத்தம் ஏறியும் வேகம் ஏறலை... இதுல எது வந்தாலும் பட்டறைக்குப் போங்க. மாத்தினப்புறம் முதல் சில நூறு கிலோமீட்டர் வழுக்காம, இழுக்காம பதமா ஓட்டுங்க, புது பிளேட் படியணும்.

- பழைய பிளேட் தூசியை ஊதாதீங்க. பழைய காலத்து லைனிங்ல கல்நார் இருந்துச்சு. ஈரத் துணியால துடைங்க.

அஞ்சாவதா ஒண்ணு. வீட்டுல தினமும் வண்டி ஓட்டறவங்க யாராவது கால் வலிக்குதுன்னு சொன்னா, "வயசாச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தக் கால்னு கேளுங்க. அப்புறம் அவங்க சீட்டுல ஒரு தடவை நீங்க உக்காந்து அந்தப் பெடலை மிதிச்சுப் பாருங்க.

தேஞ்ச பழைய பிளேட்டை மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஹாஸ்டல்ல என் டேபிள் மேல இருக்கும். பேப்பர் வெயிட்டான்னு கேக்கறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கிறேன்.